செல்லப்பாண்டி கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட்ட வாரம்

சுருளிப்பட்டி செல்லப்பாண்டி சாக்பீஸ் இல்லாமல் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டான். பந்தலுக்குக் கல்தூண் ஊன்றினாலும் சரி, சொட்டுநீர்க் குழாய் இழுத்தாலும் சரி, முதலில் மோட்டார் ரூம் தரையில் குந்திக் கோடு போடுவான். போட்டு முடித்ததும் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆகும்ணே" என்பான். அவன் ஆகும் என்று சொன்னது பெரும்பாலும் ஆகியிருக்கிறது. ஆகாத ஒன்றிரண்டை அவன் மனைவி நாகஜோதியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவள் மறக்கிற ரகமில்லை.

நாற்பதைத் தாண்டியவன். பன்னிரண்டு முடித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருடம் கிடந்தான். அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து திராட்சைப் பந்தலைக் கையில் எடுத்தான். ஒன்றரை ஏக்கர், எல்லாம் பன்னீர் திராட்சை. அது கைக்குழந்தை மாதிரி. ஆள் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். பழம் நிறம் மாறினால் கிளி வரும், வௌவால் வரும். இலையில் ஈரம் நின்றால் நோய் வரும். அதனால் பகல் பூராவும் மோட்டார் ரூமில்தான் இருப்பான்.

கொரோனா ஊரடங்கில் பழம் எடுக்க வியாபாரி வராமல் குலை குலையாகக் கொடியிலேயே வாடியது. பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய், அந்த மோட்டார் ரூமிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்தான். மற்றவர்கள் சீட்டுக்கட்டைத் தூக்கினார்கள், இவன் மவுசைத் தூக்கினான். அதன் பிறகு பந்தலும் தேறிவிட்டது, ஆட்டமும் நிற்கவில்லை.

ஆட்டம் என்னவென்று எனக்கும் சொல்லியிருக்கிறான். ஐந்து பேர் ஒரு கட்சி, எதிரில் ஐந்து பேர். துப்பாக்கிச் சண்டை. நாலு பேர் முன்னால் ஓடுவார்கள், ஒருத்தன் பின்னால் நின்று காவல் காக்க வேண்டும். அந்தக் காவல்காரன் பாண்டி. கட்சிக்குத் தலைவன் உத்தமபாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் சதாம். பழ வண்டிக்கு டயர் மாற்றப் போன இடத்தில் பழக்கமாகி, இப்போது மாமா, மாப்ள என்று ஆகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டி. அந்த நேரத்தில் பாண்டியைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

எனக்குக் கம்பத்தில் ரேடியேட்டர் கடை. லாரி, டிராக்டர், எஸ்டேட் ஜீப் எல்லாம் வரும். போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கடையைத் திறந்த கையோடு பாண்டி வந்து நின்றான்.

"அண்ணே, சின்ன ரேடியேட்டர் ஒண்ணு வேணும்."

"என்ன வண்டி?"

"வண்டி இல்லண்ணே. கம்ப்யூட்டருக்கு."

"ஏலே, விடிஞ்சும் விடியாம ஊத்திட்டியா?"

சிரித்துக்கொண்டே போனை எடுத்து, சதாம் பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் காட்டினான். "மாமா, நீ நல்லாத்தான் ஆடுற, அதுல குத்தம் இல்ல. ஆனா பாதி ஆட்டத்துல பொசுக்குன்னு காணாமப் போயிடுற. ரெண்டு வாரமா உன்னால தோத்துருக்கோம். வர்ற ஞாயித்துக்கெழமையும் மெஷின் ஆஃப் ஆச்சுன்னா உன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். பெறகு என்னைய ஏசக் கூடாது."

விஷயம் இதுதான். மோட்டார் ரூமுக்குத் தகரக் கூரை. மே மாத மத்தியானத்தில் உள்ளே நின்றால் தலை கிறுகிறுக்கும். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டரும் சூடாகி, தானாகவே அணைந்துவிடுகிறது. கூட ரெண்டு ஃபேன் மாட்டிப் பார்த்திருக்கிறான். அந்த ரூமுக்குள்ளிருக்கிற அனல் காற்றைத்தானே அதுவும் அள்ளி வீசும்?

"வீட்டுல கொண்டுபோய் வையேன்டா."

"பந்தல யாருண்ணே பாக்குறது?"

அதுவும் சரி.

அவன் திட்டம் முன்பே தயாராக இருந்தது. கம்ப்யூட்டரின் மூளைச் சில்லு மேல் உட்காரும் செம்புக் கட்டி, குட்டிப் பம்பு, தண்ணீர் நிற்க ஒரு சின்னத் தொட்டி, கண்ணாடி போலத் தெரியும் குழாய் எல்லாம் கூரியரில் வந்துவிட்டன. இந்தியிலும் மலையாளத்திலும் வீடியோ பார்த்துப் படித்திருக்கிறான். கேட்டால், "குழாய் எந்தப் பாஷையிலயும் குழாய்தானண்ணே" என்றான். ஒரு இடத்தில் மட்டும் வீடியோக்காரர்களை விட்டு விலகினான். அவர்கள் ரேடியேட்டரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே மாட்டுகிறார்கள். இவன் அதைச் சுவருக்கு வெளியே, பந்தலுக்கு அடியில் வைக்கப் போகிறான். எந்த வெயிலிலும் பந்தலுக்கு அடியில் குளுமை. சூட்டைத் தண்ணீரில் ஏற்றி வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது. அதைக் கேட்டதும் எனக்கே ஆசையாகிவிட்டது.

சின்னக் கார் ஒன்றுக்கு வாங்கி, அளவு சேராமல் கிடந்த புது அலுமினிய ரேடியேட்டர் இருந்தது. எடையும் லேசு, பார்க்கவும் பளபளப்பு. தூக்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. தொட்டி உயரத்தில், பம்பு அதற்குக் கீழே, காற்றுக் குமிழி மேலே ஏறி வெளியேற வழி. மோட்டார்க் குழாய் போகும் சுவர் ஓட்டை வழியாக வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு குழாய். பந்தலுக்கு நீர் பாய்ச்சுகிறவன் போட்ட படம் என்பது பார்த்ததும் தெரிந்தது. ஊற்றுவதற்குப் பேட்டரிக் கடையிலிருந்து சுத்தத் தண்ணீர் கேன் வாங்கி வைத்திருந்தான்.

பக்கத்தில் ஒரு பொட்டலம். பிரித்தால் நீலக் கல். மயில்துத்தம்.

"இது எதுக்குடா?"

"வெளிய போற குழாய்ல வெளிச்சம் படும்லண்ணே. நாலு நாள்ல பாசி புடிச்சுரும். தண்ணித் தொட்டிக்கு ஒரு துணியில முடிஞ்சு போடுவோம்ல, அது கணக்கா ஒரு சிட்டிகை. பாசி கிட்டக்கவே வராது."

எங்கள் பக்கம் திராட்சைக்காரர்கள் வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கும், மயில்துத்தம் இல்லாமல் இருக்காது. செம்பு கலந்த அந்த உப்பைத்தான் சுண்ணாம்போடு கலந்து இலை நோய்க்கு அடிப்பார்கள். எனக்கும் அவன் சொன்னது சரியாகவே பட்டது.

நாகஜோதி தூக்குவாளியோடு வந்தாள். தரையில் கால் வைக்க இடமில்லை.

"பயிருக்குத் தண்ணி, மாட்டுக்குத் தண்ணி, இப்ப இந்த டப்பாவுக்கும் தண்ணி. நான் ஒரு வாய்த் தண்ணி கேட்டா மட்டும் எந்திரிக்க மாட்டாக. கேட்டுக்கங்கண்ணே."

"ஏய், கோட்ட மிதிக்காத."

"மிதிச்சா என்ன, கோர்ட்டுக்கா போவீக?" என்றவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பந்தலுக்கு மருந்து கலக்குவது அவள் கை வேலை. "இது எதுக்கு இங்கன?"

சொன்னான்.

"அருவாள முக்கிப் பாத்தீகளா?"

மருந்து கலக்கும்போது சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, அரிவாள் நுனியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் மருந்து கடுமையாக இருக்கிறது, அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும் என்று அர்த்தம்.

"இது இலைக்கு அடிக்கிற மருந்தா? இதுல எங்கடி இரும்பு இருக்கு?"

"இரும்பு இல்லேன்னா இருக்கிறத முக்குங்க. அந்த வெள்ளச் சாமானத்த முக்குங்க. அடிக்கிற இடத்துல வச்சுப் பாக்காம என்ன மருந்தக் கலந்துருக்கீக இதுவரைக்கும்?"

ரேடியேட்டரின் ஓரத் தகட்டில் ஒரு துண்டை நானே வெட்டி, அரத்தால் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரைத்து, அதில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எடுத்தால், வெள்ளைத் தகடு செம்பட்டையாகிப் புண் பிடித்தது போல் இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிர்கிறது.

பாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செம்புக் கட்டியை எடுத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, துத்தமே போடலேன்னு வையிங்க. இந்தக் கட்டியும் செம்புதான? ஒரே தண்ணியில அங்கிட்டுச் செம்பு, இங்கிட்டு அலுமினியம். இதே சோலி மெதுவா நடக்கும்ல?"

நடக்கும். செம்புக் குழாயோடு அலுமினியத்தைக் கோத்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் ஓட்டையாகிக் கடைக்கு வந்த சாமான்களைக் கண்ணால் பார்த்தவன்தான் நான். காரில் ஊற்றுகிற கூலன்ட் அதைத் தடுக்கும். இங்கே வெறும் தண்ணீர் என்பது திங்கட்கிழமை என் புத்தியில் உறைக்கவில்லை.

"பழைய ஜீப்பு ஹீட்டர்ல உள்ள செம்பு ரேடியேட்டர் ஒண்ணு கிடக்கு. கனமா இருக்கும். வாயும் பெருசு" என்றேன்.

"கனம் இருந்தா இருக்கட்டும். தரையிலதான உக்காரப் போகுது."

அந்த நேரம் பார்த்து சதாம் போன் அடித்தான். பாண்டி எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். "என்ன மாமா, ஆச்சா?"

"மொதல்லருந்து போடுறேன் மாப்ள."

"மொதல்லருந்தா? இன்னைக்கு வியாழக்கெழம! பேசாம ஞாயித்துக்கெழமை எங்க அக்கா நசீமா வீட்டுக்கு வந்துரு. ஏசி இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. பிரியாணியும் போடுவாக."

"பிரியாணிக்கு வேற நாள் வர்றேன். ஆட்டம் இங்கனதான்."

"அணைஞ்சா ஆள மாத்துவேன். சொல்லிட்டேன்."

"மாத்திக்க" என்று வைத்துவிட்டு, ஈரச் சாக்கால் தரையை முழுக்கத் துடைத்தான். அவ்வளவு கோடும் போயிற்று.

புதுப் படத்தில் மயில்துத்தம் இல்லை, கண்ணாடிக் குழாயும் இல்லை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை மறைத்துவிட்டால் மருந்து எதற்கு? சொட்டுநீருக்கு இழுக்கும் கறுப்புக் குழாய் சுருள் சுருளாக அந்த ரூமிலேயே தொங்கியது. அதைத்தான் எடுத்தான். வீடியோவில் குழாய்க்குள் கலர் விளக்கு எரிவதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் கூரைச் சட்டத்தில் செருகினான். கொஞ்சம் வருத்தம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை நான் செம்பு ரேடியேட்டரைக் கழுவி, ஈயம் விட்டிருந்த இடங்களை மறுபடி பற்றவைத்து, பெரிய வாயைக் குறுக்கிக் கொடுத்தேன். கறுப்புக் குழாய் விறைப்பானது. வெந்நீரில் முனையை முக்கி இளக்கி ஏற்றி, மேலே கிளிப்புப் போட்டு முறுக்கினோம். வளைகிற இடங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய்க்குப் போடும் முழங்கை இணைப்பு.

சனிக்கிழமை பூராவும் சோதனை. கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் செய்தித்தாள் விரித்தான். மத்தியானம் வரை எல்லாம் காய்ந்த தாள். அப்புறம் சுவரோரம் ஒரு தாளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அந்தச் சொட்டு உள்ளே விழுந்திருந்தால் கம்ப்யூட்டர் கதை முடிந்திருக்கும். முழங்கையைக் கழற்றி வேறு போட்டு, தாளையும் மாற்றி, சாயங்காலம் வரை ஓடவிட்டான். ஈரம் வரவில்லை.

"ஆகும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ரெண்டு மணிக்கு நானும் போய் உட்கார்ந்தேன். தகரம் கொதித்தது. நாகஜோதி ஒரு முறத்தால் விசிறிக்கொண்டு வாசலில் நின்றாள். திரையின் மூலையில் சூட்டின் அளவு எண்ணாகத் தெரிந்தது. போன வாரம் தொண்ணூற்றைத் தாண்டித்தான் அணைந்ததாம். இன்றைக்கு அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. அங்கேயே நின்றது. சுட்டுத் தள்ளுகிறார்கள், வெடிக்கிறது, புகை பறக்கிறது, எண் அசையவில்லை. பாண்டிக்கு முகமெல்லாம் பல்.

அந்தப் பல்லோடு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவனை எதிர்க்கட்சிக்காரன் பின்னால் வந்து சுட்டுவிட்டான்.

"மாமா! எங்க பாத்துக்கிட்டு இருந்த?" சதாம் கத்தியது ஸ்பீக்கரில் அதிர்ந்தது.

"சூட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன் மாப்ள. எழுவத்திரெண்டுதான்!"

"காவலுக்கு நிக்கிறவன் தெர்மாமீட்டரப் பாக்குறதா? ஆட்டத்தப் பாரு மாமா!"

அந்தச் சுற்றை மற்ற நாலு பேரும் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்கடுத்த ரெண்டு சுற்றும் ஆட்டத்தைத்தான் பார்த்தான். ஒன்றைத் தோற்று, கடைசியைப் பிடித்தார்கள். மொத்தத்தில் ஜெயம். அணையவில்லை.

"மெஷினு தாக்குப் புடிச்சுருச்சு மாமா, ஒத்துக்கிறேன்" என்றான் சதாம். "உன் எடம் உனக்குத்தான். ஆனா இனிமே செத்தா மெஷினு மேல பழி போட முடியாது பாத்துக்க."

"போட மாட்டேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி மேக்க வரிசைக்கு மருந்தடிச்சிருக்கணும்னு அந்தத் தம்பிகிட்டயும் சொல்லி வைங்க" என்றாள் நாகஜோதி.

பாண்டி மவுசை வைத்துவிட்டு எழுந்து, குனிந்து பந்தலுக்கு அடியில் போனான். நானும் பின்னால் போனேன். குலைகளுக்குக் கீழே ரேடியேட்டர் உட்கார்ந்திருந்தது. கையை வைத்தான். என் கையையும் பிடித்து அதன் மேல் வைத்தான். கறந்த பால் சூடு.