வெள்ளையாக விட்ட பக்கம்

மேடையில் யாராவது "பெண்ணியவாதி, எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்தால், கத்தரியக்கா பின்னால் திரும்பி வேறு யாரோ வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். எல்லாம் பாவனை. உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த அறிமுகத்தை அப்படியே என்னிடம் சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டார்.

கத்தரி என்பது கம்பெனியில் வைத்த பெயர். ரெடிமேட் துணி தைக்கும் இடத்தில் கட்டிங் பிரிவில் இருந்தார். அடுக்கிய துணியின் மேல் அவர் மெஷினை ஓட்டினால் ஒரு நூல் பிசகாது. வாயும் அப்படித்தான். இடுப்பில் கை வைத்த சூப்பர்வைசரை, அத்தனை மெஷின்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "கைய எடுய்யா, அது மேசை இல்ல" என்று கத்தியவர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனதாம். சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை போனபின் அவர் தொடங்கியதுதான் 'ஊசி'. மாதம் ஒருமுறை வரும் சின்னப் பத்திரிகை. என்னுடைய டைப்பிங் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். தையல் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், வீட்டை விட்டு எங்கேயும் போகவிடப்படாதவர்கள் எல்லோரும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வருவார்கள். எழுதத் தெரிந்தவள் எழுதிக்கொண்டு வருவாள். தெரியாதவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஓசியில்தான். அதைச் சொல்லிக்காட்டும் உரிமை மட்டும்தான் எனக்குக் கூலி.

முதல் இதழில் ஒருத்தி தன் புருஷன் அடிப்பதைப் பற்றி எழுதினாள். பெயர் போடவில்லை. ஆனால் அவன் உதைத்து உடைத்த நீலக் கதவைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்தத் தெருவில் நீலக் கதவு ஒன்றே ஒன்றுதான். அவள் கை உடைந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, எங்களுக்கு ஒரு வழக்கத்தை வகுத்தார்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவள் அல்ல, இன்னொருத்தி. எழுதியவள் வாயே திறக்கக் கூடாது. கேட்கிறவர்களில் ஒருத்தி "பயமா இருக்கு" என்று சொன்னால் போதும், அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. தாளை அங்கேயே கிழித்துவிட வேண்டும். அச்சில் அந்த இடத்தை வேறு எதையும் போட்டு நிரப்பாமல் வெள்ளையாகவே விட வேண்டும்.

"இங்க ஒண்ணு இருந்துச்சு, சொல்ல முடியலன்னு படிக்கறவளுக்குத் தெரியட்டும்" என்பார் அக்கா.

வெள்ளை விழாத இதழே வந்ததில்லை. பூச்சி அரித்த துணி மாதிரி இருக்கும். இருந்தாலும் அதன் பிறகு 'ஊசி'யால் யார் கையும் உடையவில்லை.

அந்த உடைந்த கைக்குக் கட்டுப் போட்டவர்தான் நர்ஸம்மா. அங்கே ஏற்பட்ட பழக்கம். ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேரும் ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். இரண்டு அறை. ஒன்றில் அக்காவின் புத்தகங்களும் பழைய இதழ் கட்டுகளும் கூரையைத் தொடும். மற்றதில் ஒரே கட்டில். அவர்கள் காதலர்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருத்தியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் அக்கா, "ரூம்ல கூட இருக்கறவங்க" என்பார். போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற மனுஷி, கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தால் மட்டும் கட்டில்மேல் இருக்கும் இரண்டாவது தலையணையை ஒளித்து வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நர்ஸம்மா ஓய்வு பெற்றதும் அவருடைய அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் சிக்கல். "இந்த வயசுல யாரோ ஒருத்தங்களோட வாடகை வீட்டுல எதுக்குக் கஷ்டப்படணும்? நம்ம வீடு இருக்கு, வந்துடு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் புரூஃப் கொடுக்கப் போனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அண்ணன் சொன்னதுல என்ன தப்பு? யாரோ ஒருத்தங்கதானே நீ?" என்றார் நர்ஸம்மா.

"என்ன பேச்சு இது?"

"ஊர்ல இருக்கற அத்தன பொம்பளைங்களும் உன் எழுத்துல இருக்காங்க. நான் எங்க இருக்கேன்? ஒரே ஒரு தடவ எழுது. எம்பேரு வேண்டாம். உனக்கு நான் யாருன்னு எழுது. அது அச்சுல வந்தா சாகறவரைக்கும் இங்கயே கிடக்கறேன். இல்லன்னா அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

நர்ஸம்மாவுக்கு மிரட்டத் தெரியாது. ஊசி குத்தும் முன்பு "வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறவர். போறேன் என்று சொன்னால் போய்விடுவார்.

அக்கா எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றத் தாள்களோடு அதுவும் வந்தது. சமையல் வேலைக்குப் போகிற ஒரு அக்காதான் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது.

"என்னோடு வாழ்கிறவளுக்கு மழைக்காலத்தில் பாதம் மரத்துப்போகும். வார்டில் நின்று நின்று வந்த வினை. மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிடுவேன். எங்களில் யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் இரண்டு பெண்கள். காதலிக்கிறோம்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பொத்தான் என்று நாங்கள் கூப்பிடுகிறவள் கையைத் தூக்கினாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள், எங்களில் சின்னவள், அக்காவே தேடிப் போய்க் கூட்டி வந்தவள்.

"எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு என்னடி பயம்? உன்னப் பத்தியா எழுதியிருக்கு?"

"காரணம் கேக்கக் கூடாது" என்றார் அக்கா. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

பொத்தான் தானாகவே அழுதுகொண்டு சொன்னாள். "இது வந்தா இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான்னு பேசுவாங்க. வீட்டுல என்னை விடமாட்டாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு மதியந்தான்."

அக்கா எழுந்துபோய்த் தாளை வாங்கினார். தானே கிழித்தார், ஒரு நூல் பிசகாமல்.

அந்த மாத இதழில் நடுவில் ஒரு முழுப் பக்கம் வெள்ளையாக வந்தது. கட்டோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுப்பக்கம் வந்ததும் நின்றார்.

"பயந்தது யாரு?"

"சொல்லக் கூடாது" என்றார் அக்கா.

"நீ இல்லையே?"

அக்கா கட்டைப் பிரித்து இதழ்களை எண்ண ஆரம்பித்தார்.

"வெள்ளத் தாளா இருக்கறதுக்கு அச்சடிக்கணுமா என்ன? இத்தன வருஷமா இந்த வீட்டுல அப்படித்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் காலை இரண்டு பையோடு ஆட்டோ ஏறினார்.

அதன் பிறகு அக்கா என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். டீ ஆறிப்போகும். ஒருநாள் தானாகவே சொன்னார்: "அந்தத் தாளக் கிழிச்சப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. பொத்தான் மட்டும் சொல்லாம இருந்திருந்தா நானே கையத் தூக்கியிருப்பேன்." ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு வாங்கி வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் படிப்பதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"போன தடவ கிழிச்ச தாள் என்னுது. தாளுக்குத்தான் வழக்கம் வெச்சோம், வாய்க்கு இல்ல. நான் லெஸ்பியன். நர்ஸம்மா என் ரூம்ல இருந்தவங்க இல்ல. நான் காதலிக்கறவ."

"அதான் தெரியுமேக்கா" என்றார் சமையல்கார அக்கா. கூட்டம் சிரித்தது. பொத்தான் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். யார் வாய் வழியாகப் போனதோ தெரியாது, விஷயம் அவள் வீட்டுக்கு எட்டிவிட்டது. அவள் புருஷன் கடைக்கு வந்து, ஷட்டரைக் காலால் உதைத்து, இனி அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுடைய பயம் பொய்யில்லை. அவள் உட்கார்ந்த ஸ்டூலில் இப்போதும் வேறு யாரையும் நான் உட்காரவிடுவதில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நர்ஸம்மாவை அழைத்துவரப் போனபோது நானும் கூடப் போனேன். அண்ணன் வீட்டில் இரும்புக் கேட். உள்ளே பூட்டியிருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, திறக்காமலே வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"உன் ரூம்ல இருந்தவங்க வந்திருக்காங்க."

"அப்படி யாரும் எனக்கு இல்லையேண்ணே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அக்கா கேட்டின் கம்பிகளைப் பிடித்தார். கம்பெனியை விட்டபின் அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க முடியாது.

"நான் உன்னக் காதலிக்கறவடி! வீட்டுக்கு வா!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் முகம் செத்துப்போனது. நர்ஸம்மா வாசலுக்கு வந்தார். பை எதுவும் இல்லை. கையில் கண்ணாடிப் பெட்டி மட்டும்.

"மெதுவாச் சொல்லக் கூடாதா? காது நல்லாத்தான் கேக்குது."

"இப்பப் போனா இந்த வாசல மறுபடி மிதிக்காத" என்றார் அண்ணன். சொல்லும்போது குரல் உடைந்தது. பூட்டைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நர்ஸம்மா அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது திரும்பவில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அவர்கள் இருவரும் முன்னால், நான் பின் இருக்கையில்.

"கிழிச்ச தாள்ல என்னதான் எழுதியிருந்த?" என்றார் நர்ஸம்மா.

"மறந்துபோச்சு."

"பொய்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மழைக்காலத்துல உனக்குக் கால் மரத்துப்போகும்னு."

நர்ஸம்மா ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். அத்தனை பேருக்கு நடுவில் காலைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தார்.

தலையணையை ஒளித்து வைக்கும்போது வரும் அந்த முகம் அக்காவுக்கு வந்தது. கை இரண்டும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தன. பக்கத்தில் நின்ற ஆள் குனிந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்தார், பிறகு மற்றதை. அந்த முகத்தோடேயே காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.