கண்டக்குழிப் பெண்களின் சரியான பதில்கள்

மர்ஷூதா ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருடம் தாதியாக இருந்தவள். இரவு வேலை முடிந்த கண்ணோடேயே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்த் தாதியியல் பட்டம் எடுத்தாள். பிறகு முதுமாணிப் பட்டத்துக்கும் சேர்ந்தாள். கண்டக்குழியில் அவளுக்கு முன் ஒருவரும் இதைப் படிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவளுடைய அண்ணன், நௌஃபர் நானா. படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு சின்ன ஆணியைக்கூடத் துடைத்துத்தான் பூட்டுவார்.

முதுமாணிக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ள பெண்கள் தங்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை மர்ஷூதா எடுத்துக்கொண்டாள். கருவாடு போடும் வாடிகளில் வேலை செய்பவர்களுக்கு முள் குத்துவதும், அது புண்ணாவதும், கடைசியில் விரலையே வெட்டி எடுப்பதும் அவள் வார்டில் கண்டு சலித்த சங்கதி. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லாரும் அழகாகப் பதில் சொன்னார்கள். செருப்பில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லையாம். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பார்களாம். படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். மர்ஷூதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கட ஊர்ப் பொம்புளைகள் நான் நினைச்ச மாதிரி இல்ல, மெடம்" என்று பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

கடைசியாக ஜுனைதா மாமியிடம் போனாள். மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வந்தது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் பிடிப்பார்.

"உள்ளங்கால எப்பிடிப் பாக்குறீங்க மாமி?"

"ராவைக்குக் கண்ணாடி வெச்சுப் பாப்பன் மகள்."

"கண்ணாடியிலயா?"

"ஓம். வடிவாத் தெரியும்."

பக்கத்தில் இருந்த மருமகள் ஸபீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமி, கண்ணாடி மத்தவங்களுக்கு! ஒங்களுக்கு 'மருமகளக் கொண்டு பாக்குறன்' எண்டுதானே நௌஃபர் நானா சொல்லித் தந்தாரு?"

மர்ஷூதா நேரே நானாவின் எஞ்சின் கொட்டிலுக்குப் போனாள்.

"பொய் சொல்லவா சொல்லிக் குடுத்தீங்க?"

"பொய் என்ன பொய்? ஒங்கட ஆஸ்பத்திரிக் கிளினிக் சுவர்ல ஒட்டியிருக்கிறத ஒரு எழுத்துப் பிசகாமப் பாடமாக்கிக் குடுத்தன். அவங்க பிழையாச் சொன்னா ஒனக்குத்தானே புள்ளி கொறையும்?"

இது அவர்களுக்கு வைத்த சோதனை அல்ல, உள்ளதைத்தான் கேட்டேன் என்று அவள் விளக்கினாள். நானாவின் கை எஞ்சினிலேயே நின்றுவிட்டது. "அப்ப நான் ஒன்ட படிப்பக் கெடுத்திட்டனா?" என்றார். அவள் திரும்பி நடந்தாள்.

அன்றே பேராசிரியரிடம் சொன்னாள். எல்லாப் பதில்களையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடப் படித்தவர்களோடு பட்டம் வாங்க முடியாது. அந்தக் கோபம் முழுக்க நானாவின் மேல்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னால் ஒரு ஊரே கேட்டுவிடுமா? மறுநாள் வாடிக்குப் போய், கைப்பழக்கத்திலேயே மீனுக்கு உப்புப் பூசிக்கொண்டிருந்த மாமியிடமே கேட்டாள்.

"எங்கட நானாவுக்காகவா மாமி அப்பிடிச் சொன்னீங்க?"

மீன் வெட்டிய பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். மாமி மட்டும் பேசினார். "அவனுக்கு ஆரு பயம்? ஒனக்குப் பயந்துதான் மகள். கிளினிக்ல அத்தின சனத்துக்கு முன்னால, 'கால அழுகவிட்டிட்டு ஏன் வாறீங்க, மாடா நீங்க' எண்டு ஏசினாயே. அதுக்குப் பொறகு நான் ஒருத்தருக்கும் கால் காட்டுறல்ல."

மர்ஷூதாவுக்கு முகம் எரிந்தது. தான் அப்படி ஏசியது அவளுக்கு நினைவிலேயே இல்லை. நினைவில் இல்லாமல் போகும் அளவுக்கு எத்தனை பேரை ஏசியிருப்பாள்? அங்கே குனிந்திருந்த தலைகளில் எத்தனை அவளிடம் ஏச்சு வாங்கியவை? நானாவைக் குற்றம் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சனத்துக்கு முன்னால் ஏசியது சனத்துக்கு முன்னாலேயே தீர வேண்டும். செதிலும் உப்புத் தண்ணீருமாகக் கிடந்த நிலத்தில் மாமியின் முன்னால் உட்கார்ந்தாள். "நான் பேசினது பிழை மாமி. மாப்புத் தாங்க. இப்ப காலக் காட்டுங்க."

"ஏசமாட்டியா?"

"ஏசமாட்டன்."

மாமி தயங்கித் தயங்கிச் சீலைக் கரையை விலக்கினார். பெருவிரலுக்கு அடியில் சுற்றியிருந்த துணியை மர்ஷூதா மெல்லப் பிரித்தாள். வாடை எழுந்தது. பதின்மூன்று வருடப் பழக்கத்தில் ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் புண்ணை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் மர்ஷூதாவின் வாயில்தான் இருந்தது.