பெயர் போடாத கை

போன வருஷம் ஆடி மாதம், சென்னையில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து போன் வந்தது. இறந்துபோன என் ஓவியத் தோழியின் படங்களையும் காகிதங்களையும் அங்கே சேர்த்து வைக்கிறார்களாம். அவள் எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் தர முடியுமா என்று கேட்டார்கள். அத்தனையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டாபிராமிலிருந்து ரயில் ஏறினேன்.

அவளும் எனக்கு ரயிலில் கிடைத்தவள்தான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டினேன். அவள் அங்கே ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். தினமும் லேடீஸ் பெட்டியில் எதிரெதிரே உட்காருவோம். பூக்காரம்மா, காலேஜ் பெண்கள், தூங்கி வழிகிற நர்ஸ் என்று எல்லோரையும் நோட்டில் வரைந்துகொண்டே வருவாள்.

அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் என்னை உள்ளே அழைத்துப் போனாள். சுவரில் பெரிதாக என் வலது கை! மெஷினில் சிக்கி இரண்டு விரல் போன கை. கீழே அட்டையில், 'பெயர் தெரியாத தொழிலாளிப் பெண்' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாம்மா இது? இருபது வருஷம் கூடவே வந்துகினு இருந்தவ நானு. எனக்குப் பேரு இல்லியா?" என்று சத்தம் போட்டேன்.

அந்தப் பெண் பதற்றப்படவில்லை. "இந்தக் கை உங்களுடையதா அம்மா?" என்றாள். முந்தானைக்குள் இருந்த கையை எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவள், உள்ளே போய் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

கோடு போட்ட தாள். கீழே பெயர் போடவில்லை, ஆனால் என் கையெழுத்து.

அந்தப் படம் முதன்முதலில் கண்காட்சிக்குப் போனபோது என் பெயரோடுதான் இருந்தது. பேப்பரிலும் வந்தது. கம்பெனி கேன்டீனில், "உன் கை பேப்பர்ல வந்துகீது" என்று ஆளாளுக்கு எடுத்துக் காட்டினார்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். அவமானம் தாங்காமல் எழுதிய கடிதம் அது. 'என் ஊனத்தைக் காட்டியா நீ பேர் வாங்கணும்? இனி எங்கேயும் என் பேரைப் போடாதே. என்னை வரையவும் வரையாதே.'

ஒரு வருஷம் வேறு பெட்டியில் ஏறினேன். பிறகு ஒருநாள் ஸ்டேஷனில் என் எதிரே வந்து நின்று, "உன்னைக் கேட்டுட்டுதான் வரைஞ்சிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றாள். அன்றே சமாதானமாகிவிட்டோம். மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறினாள். கோவைக்குத் தன் மகன் வீட்டோடு போனபிறகும் மாதம் தவறாமல் எழுதினாள். நான் அந்தக் கடிதம் எழுதியதை அடியோடு மறந்தே போனேன்.

அவள் மறக்கவில்லை. அந்தப் பெண் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எங்கள் பெட்டியில் வந்த அத்தனை பேரும் இருந்தார்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் மட்டும் எதிலும் இல்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், கடைசிவரை என்னை அவள் வரையவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "இந்தக் கடிதத்தை யார் பார்வைக்கும் வைக்காமல் விட்டுவிடலாம் அம்மா" என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "வேணாம்மா. வெளியவே வை. சண்டை போட்டதை ஒளிச்சிட்டு சிநேகிதத்தை மட்டும் காட்டுனா பாதிக் கதைதான். இந்த அட்டையையும் மாத்து. என் பேரு எழுதித் தரேன்."

அவள் நீட்டிய படிவத்தில், மிச்சம் இருக்கிற விரல்களால் பேனாவைப் பிடித்து, என் பெயரை இன்ஷியலோடு பெரிதாக எழுதினேன். அடுத்த மாதம் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு போனபோது, புது அட்டை சுவரில் இருந்தது. கையை மறைக்காமலே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கோபத்தில் ஒரு கதவைச் சாத்துகிறோம். நம்மை மதிக்கிறவர்கள் அதைத் தள்ளிப் பார்க்க மாட்டார்கள், கோபம் ஆறியதும் நாமேதான் போய்த் திறக்க வேண்டும் என்று இப்போது யாரிடம் சண்டை போட்டாலும் எனக்கு முதலில் நினைவு வருகிறது.