எப்படியும் இடிக்கத்தானே போறோம்

என் வீட்டுக்காரர் பெயர் துரைராஜ். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே சொல்லப் போகிறேன். இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்தில் மரியாதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் வருவார். கம்பெனியில் அவருக்கு நல்ல பேர். துரைராஜ் கை வைத்த பீஸ் திரும்பி வராது என்பார்கள். ஒரு இரும்புத் தண்டைக் கடைவதற்கு முன்னால் ஒரு தடவை அளப்பார், அதைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அளப்பார். ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போனால்கூட டேப் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். கடைக்காரன் அளந்ததை நம்ப மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன், தரகர் சின்னப்பன் சொன்ன ஒரு வார்த்தையை அளக்காமல் கொள்ளாமல் அப்படியே விழுங்கிவிட்டார்.

பெருவெள்ளத்துக்கு மறு வருஷம், 2016. நாங்கள் அனகாபுத்தூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் இடுப்புவரை வந்து பீரோ, மெத்தை, என் மகள் ஜோசலினின் பாடப்புத்தகம் எல்லாம் போச்சு. அவளுக்கு அப்போது பதினோரு வயசு. இனிமேல் சொந்த வீடு, அதுவும் மாடி வீடு என்று நான்தான் முதலில் சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

சின்னப்பன் எங்களைப் பொழிச்சலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் ஆறு. கட்டி முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் காட்டியது மேல் மாடி வீடு. சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையோடு வந்தது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"அக்கா, வூட்டைப் பாக்காதே. நெலத்தைப் பாரு" என்றார் சின்னப்பன். "பிரிபடாத பாகம்னு பத்திரத்துல எழுதிக் கீது பாரு, அதான் சொத்து. ஆறுல ஒரு பங்கு நெலம் உங்க பேருக்கு வருது. இன்னும் ரெண்டே வருஷம். எவனாவது பில்டர் வந்து இத்தை இடிச்சிட்டு பெருசா கட்டுவான். உனுக்கு ஒரு புது வூடு ஃப்ரீயா குடுத்துட்டு, மிச்ச வூட்டை வித்து அவன் லாபம் பாத்துப்பான். ஏர்போர்ட் வேற பக்கத்துல கீது. இன்னா வெலை போவும் தெரியுமா?"

"மேல் மாடி, வெயில் காலத்துல கொதிக்குமே?"

"ரெண்டு வருஷ சூடுதானேக்கா!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது. அதன் வயிற்றில் இருந்த விளக்கெல்லாம் தெரிந்தது. சத்தத்தில் சின்னப்பன் கொஞ்ச நேரம் வாயை மூடினார். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

என் நகை பதினாறு சவரன் போனது. பாக்கிக்கு லோன். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நான் கிளார்க். என் சம்பளமும் அவர் சம்பளமும் சேர்ந்து மாசாமாசம் அந்த வீட்டுக்குள் போய் விழுந்தது.

குடிவந்த முதல் வாரமே சமையலறைக் குழாய் ஒழுகியது. ஒரு வாஷர் மாற்றுங்கள் என்றேன். "எப்படியும் இடிக்கத்தானே போறோம்" என்றார் துரைராஜ். நாள் முழுக்க இரும்பைக் கடைகிற கைக்கு ஒரு வாஷர் ஐந்து நிமிஷ வேலை. சரி, இரண்டு வருஷம்தானே என்று நானும் அடியில் ஒரு சொம்பை வைத்தேன்.

அந்த வார்த்தை அன்றைக்கு வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கொசுவலை கிழிந்தால் அதே வார்த்தை. ஜன்னல் கதவு உப்பிக்கொண்டால் அதே வார்த்தை. ஜோசலினுக்குப் படிக்க ஒரு ஷெல்ஃப் அடித்துத் தாருங்கள் என்றேன். "புது வூட்ல அடிக்கலாம்" என்றார். அவள் எட்டாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரைக்கும் புத்தகத்தைத் தரையில் அடுக்கித்தான் படித்தாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சுவரைப் பார்ப்பார்கள். எனக்குக் கூசும். அவர் மட்டும் கொஞ்சமும் கூசாமல் வரப்போகிற வீட்டின் சமையலறை எந்தப் பக்கம் என்று கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார்.

வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டடத்துக்கே செகரெட்டரி ஆனார். எல்லாருடைய பத்திரத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல் போட்டார். ஆறு குடும்பத்துக்கும் அந்த வார்த்தையைத் தொற்ற வைத்தார். முதல் மாடியில், எங்களுக்கு நேர் கீழே சௌகத் அலி பாய் குடும்பம். பல்லாவரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனுஷர். 2019-இல் அவர்தான் மொட்டை மாடியைக் கூட்டம் கூட்டிக் காட்டினார். மழைத் தண்ணீர் இறங்காமல் தரையில் பதித்திருந்த தட்டோடு விரிசல் விட்டிருந்தது. பிடுங்கிவிட்டுப் புதுசாகப் பதித்தால் ஆறு பேருக்கும் பெரிய செலவில்லை, இப்போதே செய்துவிடலாம் என்றார்.

"பாய், இடிக்கப் போற மாடிக்கு யாராவது தட்டோடு போடுவாங்களா?" என்று துரைராஜ் சிரித்தார். மற்ற நாலு பேரும் கூடச் சிரித்தார்கள். பாய் விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் வந்த மழையிலெல்லாம் எங்கள் கூரை வழியாகத் தண்ணீர் இறங்கியது. ஜோசலின் அறையில்தான் அதிகம். ஈரம் காய்ந்த இடத்தில் பழுப்புக் கறை படர்ந்தது. பிறகு காரை உப்பியது. 2022-இல் பாய் மறுபடியும் கேட்டார். அன்றைக்கு அவர் மனைவி அஜீசா அக்காவும் வந்து, கீழே எங்கள் சுவர்வரைக்கும் ஓதம் இறங்குது துரைராஜ் அண்ணா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இவர் மசியவில்லை. ஒரு பில்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவைத்தார். எனக்கும் அதே பதில்தான். நான் நம்பினேன். ஜோசலின் கட்டிலுக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஜோசலின் எழுந்து பல் தேய்க்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே தொம் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தார்ப்பாய் கிழிந்து தொங்குகிறது. கூரையிலிருந்து பெயர்ந்த சிமென்ட் காரை, அம்மிக்கல் அகலம் இருக்கும், அவள் தலையணை மேல் கிடக்கிறது. அவள் படுத்திருந்த பள்ளம் தலையணையில் இன்னும் அப்படியே இருந்தது. மேலே துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு தெரிந்தது.

ஜோசலின் பிரஷ்ஷும் வாயுமாக வந்து வாசற்படியில் நின்றாள். துரைராஜ் வந்தார். பார்த்தார். ஒரு நிமிஷம் முகம் வெளுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். பெருக்கி முடித்துவிட்டு, "கட்டிலை இந்தாண்ட நகர்த்திப் போட்டுக்கோம்மா. கொஞ்ச நாள்தான்" என்றார்.

அந்தக் கொஞ்ச நாளைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று நேராகக் கீழே இறங்கிப் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பாய், இன்னிக்கே மீட்டிங் போடுங்க. அந்த பில்டரை நாமளே போய்ப் பாக்கலாம். வர்றானா இல்லையான்னு கேட்டுடலாம். என் பொண்ணு தலை தப்பிச்சிருக்கு" என்றேன்.

அஜீசா அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உக்காரும்மா" என்றார் பாய். "நானே மேல வந்து சொல்லணும்னு இருந்தேன். போன வாரம் நானும் ஒரு பில்டர் ஆபீசுக்குப் போனேன், பம்மல்ல. பத்திரத்தைக் காட்டினேன். அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டார்மா. இது ஃப்ளைட் இறங்குற பாதை. நம்ம மனையில ஒரு உயரத்துக்கு மேல கட்ட அனுமதி கெடைக்காதாம். தரையில கார் நிறுத்த விட்டா, மேல மூணு மாடிதான். மாடிக்கு ரெண்டு வீடு. ஆறு வீட்டை இடிச்சா மறுபடி ஆறு வீடு. அதையும் நம்ம ஆறு பேருக்கே குடுத்துட்டா, விக்கறதுக்கு அவர் கையில ஒண்ணுகூட மிஞ்சாது. அப்புறம் எதுக்கு நான் வரணும்னு கேக்கறார். எந்த பில்டரும் வர மாட்டான்னார்."

ஒன்பது வருஷமாக அந்த விமானங்களுக்கு அடியில்தான் துணி காயப் போட்டேன். விமானம் போகும்போதெல்லாம் போனில் பேசுகிறவர்களை இருங்கள் இருங்கள் என்று நிறுத்தினேன். எங்கள் ஆறு வீட்டில் ஒருத்தருக்கும், எவ்வளவு உயரம் கட்ட விடுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே!

"இதை அவருக்குச் சொல்லிட்டீங்களா பாய்?" என்றேன். அந்த நிமிஷம்கூட எனக்கு அவரை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. இடிந்து போவாரே என்று நினைத்தேன்.

பாய் அஜீசா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குத் தெரியும்மா. நான் கொண்டுபோன ஜெராக்ஸைப் பாத்ததுமே அந்த பில்டர் சொன்னார். இதே பேப்பரை எடுத்துக்கினு உங்க பில்டிங்லேர்ந்து ஒருத்தர் வந்தாரே, லேத்ல வேலை செய்யறவர், அவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன்னு. கணக்கை நம்பாம ரெண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னாராம். 2021-ல."

இரண்டு தடவை. அந்த ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. அவர்தான். அப்படியென்றால் 2022-இல் இதே பாயும் அக்காவும் கெஞ்சியபோது அவருக்குத் தெரியும். நான் தார்ப்பாய் கட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போதும் தெரியும்.

"முன்னாடின்னா தட்டோடு மாத்தியிருந்தாலே போதும்" என்றார் பாய். "இப்ப கம்பியே போச்சு. கொத்தனார் கூரையையே பேத்துப் போடணும்னு சொல்லுவார்." அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலே வந்தேன். துரைராஜ் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு, புதுத் தார்ப்பாய்க்கு டேப்பால் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அந்த டேப்பைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

"2021-ல பம்மல் பில்டரைப் போய்ப் பாத்தியா இல்லையா?"

அவரை நீ என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது எனக்கே தெரிந்தது.

"யாரு சொன்னது?"

"யார் சொன்னா இன்னா? பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வேற எவனாவது வருவான்னு நெனச்சேன். ரூல் மாறும்னு நெனச்சேன். அஞ்சு வூட்டுக்காரங்களையும் நான்தானே தடுத்து வெச்சேன், அவுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"என் மூஞ்சில?"

"சொன்னா நீ நகையைக் கேப்பே" என்றார்.

கேட்டிருப்பேன். கண்டிப்பாகக் கேட்டிருப்பேன். அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் சமைத்திருக்க மாட்டேன். மூன்றாவது நாள் பாயிடம் போய்த் தட்டோடு போடலாம் என்று நானே சொல்லியிருப்பேன். ஏமாந்து வாங்கினதை நான் மன்னிப்பேன், நானும்தான் கூட ஏமாந்தேன். ஒரு நாள் சண்டைக்குப் பயந்து நாலு வருஷம் என் பிள்ளையை அந்தக் கூரைக்கு அடியில் தூங்க வைத்ததை எந்தச் சாமி வந்து சொன்னாலும் மன்னிக்க மாட்டேன். இத்தனையையும் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கீழே பாய் வீடுவரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்போதுதான் ஜோசலின் அறை வாசலில் நிற்பதைக் கவனித்தேன். கையில் அந்தத் தலையணை இருந்தது. உறையைக் கழற்றிச் சிமென்டை உதறிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அப்பா செல்லம். நான் திட்டும்போதெல்லாம் அவருக்குப் பரிந்துகொண்டு வருகிறவள்.

"அப்பா" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "போன மழையில ஹால்ல படுத்துக்கட்டுமான்னு கேட்டேனே. இடிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சுமா உள்ளயே படுன்னு சொன்னீங்க?"

துரைராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பதில் வராத இடத்திலெல்லாம், சொந்தக்காரர்களிடமும் கடன் கொடுத்தவர்களிடமும் நான்தான் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இந்தத் தடவையும் சொல்லுவேன் என்று பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மகள் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.