தொண்ணூற்றாறு கம்பியும் இரண்டு தகரச் சீட்டும்

கொங்கிறீற்றுக் கம்பி வெட்டுகிறவனுக்குக் கை பிழைத்தாலும் எண்ணிக்கை பிழைக்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை ஒஸ்லோவில் எங்கள் கம்பிக் களத்தில் நின்றவர்கள்: முதலாளி ஆர்னே, பாரந்தூக்கி ஓட்டும் யூசுப், வளைக்கும் மெசினில் சிவலிங்கம், வெட்டும் மெசினில் நான். மொத்தம் நான்கு பேர். உறைந்த இரும்பில் கையுறை ஒட்டிப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

பாணும் சரித்திரமும்

பதினொரு மணிக்குச் சாப்பாடு. ஆர்னே பாணைக் கடித்தபடி ஒரு பழைய புத்தகம் வாசிப்பார். ஆரம்பகால அமெரிக்க உருக்கு முதலாளி ஒருவரின் வாழ்க்கை அது. தகப்பனின் ஆணிப் பட்டறையில் துருத்தி ஊதியவர், பிறகு சொந்தமாக உலை வைத்தார். எங்களுக்கு விளங்கட்டும் என்று ஆர்னே நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொல்வார். நாளுக்கு இரண்டு பக்கம்தான் நகரும்.

சிவலிங்கம் என் பக்கம் சாய்ந்தான். "அண்ணை, இந்த மனுசன் உலையை மூட்டவே மூண்டு கிழமை போட்டுது. எப்ப இரும்பு உருக்கப்போறார்?"

கட்டுக்கு ஒன்று

அந்த அமெரிக்கர் ஒவ்வொரு கட்டிலும் ஒரு கம்பியை எடுத்து வளைத்துப் பார்ப்பாராம். வெடித்தால் முழுக் கட்டும் திரும்பிப் போகும். ஆர்னேயும் அப்படியே செய்யத் தொடங்கினார். நான் நாற்பது வெட்டி வைக்க, ஒன்று சோதனைக்குப் போய், ஹொல்ம்லியா கட்டட வேலைக்கு முப்பத்தொன்பது போய்ச் சேர்ந்தது. எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

அங்கத்தைய மேற்பார்வையாளர் நேரே வந்து கேட்டார்: "உங்கள் முதலாளி கம்பி தின்கிறாரா?"

என் ஒழுங்கு

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு ஆலைகளிலிருந்து இரண்டு கட்டுகள் வந்தன. ஒன்றில் 43, மற்றதில் 53. ஹொல்ம்லியாவின் நிலவறைச் சுவருக்குத் திங்கள் காலை 94 வேண்டும். இன்னொரு முறை குறைந்தாலோ பிந்தினாலோ வேறு களம் பார்ப்பேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். எங்கள் வேலையில் பாதி அவருடையது.

43, 53 என்ற எண்கள் என் கண்ணுக்குப் பொருந்தவில்லை. ஆலையின் பெயர் குத்திய தகரச் சீட்டுகளை அறுத்து எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் கலந்து, பன்னிரண்டு பன்னிரண்டாக எட்டு அழகான கட்டுகள் கட்டினேன். ஆர்னே ஒன்றை எடுத்து வளைத்தார். வெடித்தது. எந்த ஆலையின் கம்பி என்று பார்க்கச் சீட்டு எடுத்துவரும்படி என்னிடம் சொன்னார்.

சிவலிங்கம் காதுக்குள் சொன்னான்: "வாயைத் திறவாதேங்கோ அண்ணை. நல்லதாய் ஒண்டை வளைச்சுக் காட்டுவம். ஆருக்குத் தெரியும்?"

திங்கட்கிழமை

குப்பைத் தொட்டியிலிருந்து இரண்டு தகரச் சீட்டுகளையும் எடுத்து ஆர்னேயின் மேசையில் வைத்தேன். என் நோர்வேஜிய மொழி அதற்கு மேல் வரவில்லை. அவர் என் எட்டுக் கட்டுகளையும் பார்த்தார்; எது எந்த ஆலையின் கம்பி என்று இனிப் பிரிக்க முடியாது. பிறகு புத்தகக் கதையைச் சொன்னார். தான் விற்ற தண்டவாளங்கள் பிழை என்று தெரிந்து, அந்த அமெரிக்கர் அவ்வளவையும் திருப்பி எடுத்து உலையை இழந்தாராம். ஐம்பது வயதில் ஒற்றை உலையோடு திரும்பத் தொடங்கினாராம். அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து மேற்பார்வையாளரிடம், கம்பி பிந்தலாம், பிழை எங்களுடையது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நான்கு பேரும் பனியைக் கிளறி, சீட்டு அவிழாத மூன்று பழைய கட்டுகளை எடுத்தோம். கட்டுக்கு ஒன்று வளைத்தோம். மூன்றும் தாங்கின. திங்கள் மத்தியானம்தான் சுமை ஹொல்ம்லியா போனது.

மேற்பார்வையாளர் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்கான அளவுத்தாளை நீட்டினார். "பிந்தினால் எனக்குக் கோபம் வரும். சுவர் விழுந்தால் கோபப்பட நான் இருக்க மாட்டேன்."

இன்று அந்தக் களத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அந்த மூன்று கட்டின் 102 கம்பியில் சோதனைக்கு 3, சுவருக்கு 94 போக மிஞ்சிய ஐந்தை மட்டும், சீட்டு வேறு வேறு என்பதால், ஒரே கட்டாகக் கட்ட எனக்குக் கை வரவில்லை.