பெட்டியில் வந்த தாழ்ப்பாள்

நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது லூகாஸ் மூன்றாவது முறையாகக் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டான். மூன்றாவது முறையாக மன்னிப்பும் கேட்டான். மாலையில் நான் வேலையிலிருந்து திரும்பியபோது கதவில் ஓர் அட்டை தொங்கியது. ஒரு பக்கம் பச்சையில் ‘ஃப்ரை’, ஆள் இல்லை. மறுபக்கம் சிவப்பில் ‘பெசெட்ஸ்ட்’, ஆள் இருக்கிறார். ஜெர்மனியின் வடகோடியில் ஒரு சிறு நகரத்தில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு ஏழு மாதமாகியிருந்தது. கதவின் உட்பக்கம் சாவி எப்போதும் செருகியே இருக்கும். ஒரு திருப்பு போதும். அதைத் திருப்பத்தான் எனக்குக் கை எழவில்லை.

லூகாஸ் நல்லவன். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, இந்தியாவில் குளியலறைக்குப் பூட்டு கிடையாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எங்கள் வீட்டில் கிடையாது என்றேன். அவன் முகம் இளகியது. வறுமை என்று எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் அப்போது என் பயணப்பெட்டியின் பக்கப் பையில், நான்கு திருகாணிகளோடு, ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தது. அதை எந்த மொழியில் விளக்குவது?

எங்கள் வீடு சைதாப்பேட்டைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா மயிலாப்பூரில் ஒரு பங்குக்கோயில் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறார். அக்கா ஸ்டெல்லா எட்டாம் வகுப்போடு நின்று தி.நகர் புடவைக் கடைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வரை படித்தவன் நான். என் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு, தன் குண்டு குண்டான எழுத்தில் என் பெயரை எழுதியவள் அவள். காலையில் நீதான்டா எனக்கு எல்லாம் என்பாள். மாலையில் கிண்டியில் பேருந்து தவறி நான் அரைமணி பிந்தினால், எல்லாரும் விட்டுட்டுப் போறவங்கதான், நீயும் போ என்று தட்டை வீசுவாள். கடையில் புதிதாக வரும் மேற்பார்வையாளர் முதல் வாரம் அவளுக்குத் தெய்வம், மூன்றாம் வாரம் துரோகி. இப்படியே நான்கு கடை மாறினாள். நாங்கள் அதைத் திமிர் என்றே நினைத்தோம். ஒருநாள் அவள் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு பஷீர் பாய் தச்சுவேலை செய்பவர். அவர்தான் கருவிகளோடு ஓடிவந்து கதவைப் பெயர்த்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, “தாப்பாவ எடுத்துடு தம்பி,” என்று திருப்புளியை என் கையில் கொடுத்தார். நான் எடுத்தேன்.

அடையாற்றில் ஒரு மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் அவளுக்குள் எப்போதும் எரிகிறது, அது நடிப்பில்லை, முக்கியமான சிகிச்சை பேச்சுதான், வாரம் ஒருமுறை வரவேண்டும் என்றேன். அம்மா என்னை ஏறஇறங்கப் பார்த்தார். “பேசறதுக்கா அம்மாந்தூரம் வரணும்? அத்த வூட்லயே பேசலாமே.” அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்துப் பல மாதமாகியிருந்தது. ஆனால் வீட்டில் நாங்கள் பேசவில்லை, காது கொடுத்துக்கொண்டிருந்தோம். தாழில்லாத கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா குளிக்கும்போது, மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் எங்களுக்குக் கேட்க வேண்டும். நின்றால் பத்து எண்ணுவோம். பத்தில் அம்மா கதவைத் தட்டுவார். யாரும் வகுத்த விதியல்ல, தானாக வந்தது. வயதுவந்த பெண் அப்படி மூன்று வருடம் குளித்தாள்.

இங்கே வேலை கிடைத்தபோது தாழ்ப்பாளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் வைத்தால் கண்டெடுத்துவிடுவாள். எறிந்தால், உனக்கு இனி எப்போதும் கிடையாது என்று சொன்னதுபோல் ஆகும். பெட்டியில் போட்டுக்கொண்டேன். விமானம் ஏறியதும் விடுதலை என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கதவு கைப்பேசிக்குள் கூடவே வந்துவிடுகிறது. மதிய உணவு மேசையில் அக்காவின் இருபது செய்திகள் வரிசையாக வந்து விழும். பார்த்துவிட்டேன் என்று நீலக் குறி காட்டிவிட்டால் உடனே பதில் போயாக வேண்டும். பார்க்காமல் இருந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. செய்திகள் திடீரென்று நின்றுவிட்டால் நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன். உடன் வேலை செய்யும் ஒருத்தி, உன் அக்காவுக்கு முப்பது வயது, அவள் உன் பொறுப்பில்லை என்று அன்பாகத்தான் சொன்னாள். இந்த ஊரில் அது ஆறுதல். நான் கழிப்பறைக்குப் போய், கதவைப் பூட்டாமல் நின்று அழுதேன்.

போன மாதம் விடுப்பில் ஊருக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா நேராகக் கேட்டாள்.

“தாப்பாவ ஏன்டா எடுத்துக்கினு போன? உங்க ஜெர்மனில தாப்பா இல்லியா?”

கடையில் புதிது வாங்கலாமே என்றேன். “நீ கயட்டின, நீயே மாட்டு,” என்றாள். வாராவாரம் பார்க்கும் ஆலோசகரிடம் பேசி முடிவெடுத்துவிட்டாளாம். முதல் மாதம் அம்மாவோ நானோ வீட்டில் இருக்கும்போது மட்டும் தாழ் போடுவாள். மனம் கொதித்தால் வெளியே வந்து சொல்லிவிடுவாள். எல்லாம் ஒரு தாளில் அதே குண்டு எழுத்தில் இருந்தது. அம்மா, நான் பார்க்கமாட்டேன் என்று செபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

பழைய ஓட்டைகள் தளர்ந்து திருகாணி பிடிக்கவில்லை. பஷீர் பாய் வந்து ஓட்டைக்குள் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகினார். இப்போது பிடித்தது. மாட்டி முடித்து, நாலைந்து முறை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பாய் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கிளம்பிவிட்டார். அக்கா துண்டோடு உள்ளே போனாள். தாழ் விழுந்தது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் நான் கேட்டு மூன்று வருடத்துக்கு மேலாகியிருந்தது. தண்ணீர் விழுந்தது, விழுந்தது, பிறகு நின்றது. எண்ணினேன். ஆறு. ஏழு. இப்போது தட்டினால் இந்தத் தாழ்ப்பாள் பொய். தட்டாமலிருந்து ஏதாவது ஆகிவிட்டால்? எட்டில் கை தானாக எழுந்தது. ஒன்பது.

“எண்ணிக்கினு கீறியா?” உள்ளிருந்து குரல் வந்தது. “ஷாம்பூ போட்டுக்கினு கீறேன். போடா அந்தாண்ட.”

அவளுக்கு இவ்வளவு காலமும் தெரிந்திருக்கிறது. இரண்டு அடி தள்ளிப் போனேன். அதற்கு மேல் போகமுடியவில்லை. அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. நேற்று காலை முதல்முறையாக இங்கே சாவியைத் திருப்பினேன். லூகாஸின் அட்டையையும் சிவப்புக்கு மாற்றிவைத்திருந்தேன். ஷவரைத் திறந்து தலைக்கு நுரை போட்டேன். சைதாப்பேட்டையில் அப்போது மத்தியானம். அக்கா குளிக்கிற நேரம். இங்கே நீர் இடைவிடாமல் கொட்டுகிறது, எதையும் கேட்கவிடாமல். எண்ணத் தொடங்கி, எட்டு வரைக்கும் தாங்கினேன். ஒன்பதில் குழாயை நிறுத்தி, கண்ணில் நுரையோடு, பூட்டிய கதவுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.