மருமகனின் ஊர் ஆடிய காலை

என் மருமகனின் ஊர் தோற்க வேண்டும் என்று ஒரு இலையுதிர்காலம் முழுவதும் ஆசைப்பட்டேன். நல்ல மாமிதான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். காரணத்தைக் கேட்டால் பாதிப் பேராவது என் பக்கம் வருவீர்கள்.

மருமகன் அயர்லாந்துக்காரர். மொன்றியலுக்கு வேலைக்கு வந்த இடத்தில் என் மகளைக் கண்டு கலியாணம் முடித்தவர். பத்து வருடமாகப் புவாண்ட்-கிளேரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். இடியப்பத்துக்குச் சொதியை அளவாக விட்டுக் கையால் குழைத்துச் சாப்பிடுவார். ஆனால் ஆளின் பாதி உயிர் அவருடைய ஊரில்தான் இருந்தது. அங்கே ஹர்லிங் என்றொரு விளையாட்டு. நுனி அகன்ற மர மட்டையால் சின்னத் தோல் பந்தை அடித்துக்கொண்டு பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஓடுவார்கள். இரண்டு உயரமான கம்பங்கள், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்துக்கு மேலாகப் பந்து போனால் ஒரு புள்ளி, கீழாக வலைக்குள் போனால் மூன்று. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒருவர் தபால்காரர், ஒருவர் மாட்டுப்பண்ணைக்காரர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். வேறு ஊருக்கு ஆடுவது தாயை மாற்றுவது மாதிரி என்பார் மருமகன்.

அந்த ஊர் தன் மாவட்டத்தில் இரண்டாம் பிரிவில் கிடந்தது. அந்தப் பிரிவில் வெல்கிற ஒரே ஒரு ஊர் மறுவருடம் முதல் பிரிவுக்கு ஏறும். மருமகனின் தகப்பன் இளந்தாரியாக இருந்த காலத்துக்குப் பிறகு இவர்கள் ஏறியதே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மருமகன் என் மகளிடம் கேட்டார். ஊர் எப்போதாவது ஏறினால், தன் முழங்கால் ஓய முன்னர் அவர்களோடு ஒரு வருடமாவது ஆட வேண்டும், எல்லோருமாகப் போய் இருப்போமா என்று.

"ஓம், வெண்டால் போவம்," என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெல்லாத ஊருக்கு வாக்குக் கொடுப்பதில் என்ன நட்டம்?

அந்த இலையுதிர்காலம் ஊர் வெல்லத் தொடங்கியது. காலிறுதி, அரையிறுதி என்று ஒவ்வொரு ஞாயிறும் வென்றுகொண்டே வந்தது. மகள் சிரிப்பதை நிறுத்தினாள். அவள் சொன்ன சொல்லை விழுங்குகிறவள் அல்ல, அப்படித்தான் வளர்த்தேன். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்ட கதை. என் கணவர் காலமான பிறகு எனக்கு இருப்பது இந்த ஒரு மகளும் மூன்று வயதுப் பேத்தியும்தான். ஒரு வருடம் என்றுதான் பேச்சு. ஒரு வருடம் என்று சொல்லிப் புறப்பட்ட ஆட்கள் திரும்பி வருகிற கதையை எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் யாழ்ப்பாணத்தை விட்டு அப்படித்தான் புறப்பட்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் மருமகன் ஒரு தேங்காயோடு வந்து நின்றார். தும்பு ஒன்று விடாமல் வழித்து, குடுமியையும் சீவிக் கழுவி, மொட்டைத் தலையாக்கி வைத்திருந்தார்.

"மாமி, பிள்ளையாருக்கு. நீங்கள் உடைச்சால் நடக்கும்."

மகளின் பள்ளிச் சோதனைக்கும், என் விசாவுக்கும், அவருடைய லைசென்ஸுக்கும் உடைத்தவள் நான். இதற்கு மட்டும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"தம்பி, குடுமியில்லாத தேங்காயைப் பிள்ளையார் கையாலும் தொடமாட்டார்," என்றேன். அதைச் சாட்டாக வைத்துத் தப்பலாம் என்று ஒரு நப்பாசை. மனிசன் காரை எடுத்துக்கொண்டு போய்க் குடுமியோடு இன்னொன்று வாங்கி வந்துவிட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம். ஒருவர் தந்த தேங்காயை உடைத்தால் அவருக்காகத்தான் கேட்க வேண்டும். அதை உடைத்துவிட்டு எனக்கு வேண்டியதைக் கேட்டால் களவு. தோல்விக்கு நேர்த்தி வைத்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. கோவிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தேங்காயை ஓங்கி அடித்தேன், சில்லுச் சில்லாகச் சிதறியது. வாயைத் திறக்கவில்லை. 'நீயே பார்த்துக்கொள்' என்று கண்ணால் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அங்கே பின்னேரம், எங்களுக்குக் காலை. டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் விடியற்காலை வேலையை முடித்துக்கொண்டு நேரே மகள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி அடுக்கிக் கண் பாதி மூடியிருந்தது. ஏரியிலிருந்து எழுந்த பனிப்புகார் தெருவெல்லாம் நின்றது. மேப்பிள் மரங்கள் அடி இல்லாமல் சிவப்பாக மிதந்தன. நான் நடக்கிறேனா நித்திரை கொள்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குள் தொலைக்காட்சியிலும் புகார்தான். அங்கே மழை. நனைந்த பச்சை வெளியில் ஆட்கள் நிழலாகத் தோன்றினார்கள், மறைந்தார்கள். பந்து எங்கே என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மட்டைகள் எழும், எல்லா முகமும் வானத்தைப் பார்க்கும், பிறகு எங்கோ ஒரு மூலையில் ஓட்டம் தொடங்கும். இடையிடையே படம் உறைந்து நிற்கும். ஒருவர் இரண்டு காலும் நிலத்தில் படாமல் அந்தரத்தில் நிற்பார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரோடு நிற்போம். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், பந்து சட்டத்துக்கு மேலாகப் போகும்போதெல்லாம் வெள்ளைக் கொடியை ஆட்டினார். அந்தக் கொடி அசைவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏனோ சுகமாக இருந்தது. இந்த ஆட்டம் முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். பேத்தி என் மடியில் இருந்தாள். அவளுடைய தலைமயிரில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துச் சவர்க்காரம் மணத்தது.

கடைசி நிமிடங்களில் இரண்டு ஊரும் சமம். மருமகன் கதிரையை விட்டுத் தரையில் முழங்காலில் இருந்தார். யாரோ யாரையோ தள்ளியதற்காக இவர்களுடைய ஊருக்கு ஒரு தனி அடி கிடைத்தது. நெடுந்தூரம். அடிக்க வந்தவர் அந்தத் தபால்காரர், மருமகனோடு ஒரே வகுப்பில் படித்தவர். மழைத் தண்ணீரை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தபடி நின்றார். நான் மருமகனைப் பார்த்தேன். பத்து வருடத்தில் அந்த முகத்தை நான் கண்டதில்லை. பசித்த பிள்ளையின் முகம்.

மேசையில் அவருடைய கைபேசி அதிரத் தொடங்கியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தபால்காரர் பந்தை மட்டையால் கிண்டி மேலே எழுப்பி அடித்தார். பந்து புகாருக்குள் போய்விட்டது.

"பிள்ளையாரே, போகட்டும்! மேலால போகட்டும்!"

கத்தியது நான்தான். மடியிலிருந்த குழந்தை திடுக்கிட்டாள். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் எந்தப் பக்கம் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். வெள்ளைக் கோட்டுக்காரர் கம்பத்தடியில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து வெள்ளைக் கொடியை எடுத்தார்.

மருமகன் நெற்றியைத் தரையில் வைத்து அழுதார். "பப்பா அழுகிறார்," என்று பேத்தி பிரெஞ்சில் அறிவித்தாள். பிறகு இறங்கிப் போய் அவர் முதுகில் ஏறிக்கொண்டாள். மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஏனம்மா அப்பிடிக் கேட்டனீங்கள்?"

"நான் எங்க கேட்டனான்? வாய் கேட்டது," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

படம் எங்களுக்குப் பிந்தித்தான் வருகிறது என்பதைப் பிறகு சொன்னார்கள். கைபேசி அதிர்ந்தபோதே அங்கே எல்லாம் முடிந்து சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டதாம். முடிந்துபோன ஒன்றுக்காகத்தான் கத்தியிருக்கிறேன். என்றாலும் கத்தினேனே.

மறுபடி கைபேசி அதிர்ந்தது. மருமகனின் தாய், எனக்குச் சம்மந்தி. மைதானத்து மழையில் நின்றபடி வீடியோவில் எடுத்திருந்தாள். நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் சனம் பாடிக்கொண்டிருந்தது. கைபேசியைச் சனத்தின் பக்கம் திருப்பி மகனுக்குக் காட்டினாள். பிறகு அவள் என்னோடு கதைக்க வேண்டும் என்று கேட்டாள். கைபேசியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். வென்ற சந்தோசத்தை அளக்கப் போகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம் என்று நினைத்தேன்.

அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டுச் சத்தத்திலிருந்து விலகி ஒரு சுவரோரமாக நடந்து போய் நின்றாள்.

"குழந்தை காலையில் என்ன சாப்பிடுவாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கலியாணத்துக்கு வந்திருந்தபோது இதே மனிசி என் கையைப் பிடித்து, தன் மகனுக்குத் தேத்தண்ணீர் எவ்வளவு சாயமாக இருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்திவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அன்று எனக்கு அது வெறும் தேத்தண்ணீர்க் கதை.

எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள், மழையில் வித்தியாசம் தெரியவில்லை. பாண் துண்டு என்றால் ஓரக் கரையை வெட்ட வேண்டும் என்றேன். வெட்டுவேன் என்றாள். வாழைப்பழத்தை நசித்துக் கொடுக்க வேண்டும், துண்டு துண்டாகக் கொடுத்தால் துப்புவாள் என்றேன். சரி என்றாள். பாலை நல்லாகச் சூடாக்கக் கூடாது என்றேன். சூடாக்கமாட்டேன் என்றாள்.